இடது பக்கம் ஒரு கேள்விக்குறி: வயதான நாயின் ஆசனவாய்ச் சுரப்பி, ஒரு நிகழ்வு ஆய்வு

11 வயதுப் பெண் நாய். ஸ்பானியல் கலப்பு, கருத்தடை ஆனது, எடை 14 கிலோ. அந்த உடம்புக்கு 2 கிலோ கூடுதல். வீட்டில் அதைச் செல்லமாகக் 'கிழவி' என்றுதான் கூப்பிடுகிறார்கள், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மூன்று நாளாகப் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தபடி நகர்கிறது, வாலடியை விடாமல் நக்குகிறது, உட்கார்ந்த மறுகணமே எழுந்துவிடுகிறது, பக்கத்தில் வந்தால் மீன் அழுகின வாடை. இதுதான் கொண்டுவந்த காரணம்.

கால்நடை மருத்துவரிடம் வரும் புகார்களில் இதைவிடச் சாதாரணமானது குறைவு. வாசலில் பெயர் எழுதுபவரே 'ஆனல் கிளாண்ட்' என்று அட்டையில் எழுதிவிடுவார். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அது தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்கு 7 வாரம் ஆனது.

முதல் நாள்

சுரப்பி என்று எல்லோரும் சொன்னாலும் அது உண்மையில் ஒரு பை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. நாயின் பின்னால் நின்று பார்த்தால் கடிகாரத்தில் 4 மணிக்கும் 8 மணிக்கும் முள் நிற்கும் இடம். ஆசனவாயின் உள் சுருக்குத்தசைக்கும் வெளிச் சுருக்குத்தசைக்கும் நடுவே புதைந்திருக்கும். பையின் சுவரில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகள்தான் அந்த நாற்றமுள்ள திரவத்தைச் சுரக்கின்றன. மலம் கெட்டியாக வெளியேறும்போது இரண்டு தசைகளும் பையை நெருக்க, ஒரு மெல்லிய குழாய் வழியாக அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஒரு நாய் இன்னொரு நாயின் பின்பக்கத்தை மோந்து விசாரிப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

இந்த ஏற்பாடு கெட்டுப்போக வழிகள் பல. மலம் தொடர்ந்து இளகலாக இருந்தால் நெருக்கம் போதாது. உடம்பு பெருத்தாலும் அப்படித்தான். ஒவ்வாமையால் அந்தப் பகுதித் தோல் வீங்கினால் குழாய்வாய் அடைபடும். உள்ளே தேங்கினது கெட்டியாகும், அழற்சி வரும், கிருமி பெருகினால் சீழ்க்கட்டி ஆகும், கடைசியில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே உடையும்.

கிழவிக்கு வலது பக்கம் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஒரு படி முன்னால் நின்றது. 4 மணி இடத்தில் தோல் சிவந்து, சுட்டது. தொட்டதும் திரும்பிக் கடிக்க வந்தது. இடுப்பு மூட்டுவாதம் வேறு. தூக்க ஊசி போட்டுத்தான் பார்க்க முடிந்தது.

கட்டி பழுத்திருந்தது. கீறி, சீழை வெளியேற்றி, சலைன் விட்டுத் தண்ணீர் தெளியும் வரை கழுவினேன். கிருமிக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 10 நாள், வலிக்கு மெலாக்சிகாம் 5 நாள், தினம் இரண்டு வேளை வெந்நீர் ஒத்தடம், நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே எல்லாம் நடந்தது. இதுவரை எனக்கு வருத்தம் இல்லை.

தூக்கத்தில் இருக்கும்போதே இடது பையையும் காலி செய்துவிடலாம் என்று விரலை விட்டேன். பசை போலக் கெட்டியாகப் பழுப்பு நிறத்தில் வந்தது. காலியான பிறகும் விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஏதோ தடிப்பாக, ஒரு பட்டாணி அளவுக்கு மிச்சம் இருந்தது. நான் எழுதியது இதுதான்: 'இடது: சுவர் தடிப்பு, பழைய அழற்சி?'

அந்தக் கேள்விக்குறியைப் போட்ட கை என்னுடையது. சந்தேகம் இருந்தது, ஆனால் அதைத் தீர்க்க எதுவும் செய்யவில்லை. நாய் தூக்கத்தில்தான் இருந்தது, செல்லை உறிஞ்சி எடுக்கும் மெல்லிய ஊசி கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு நிமிட வேலை.

வேறு ஒன்றும் அன்று காதில் விழுந்தது. கிளம்பும்போது, நாயைக் கொண்டுவந்த அந்த வீட்டு அம்மா, "ராத்திரியில இப்பல்லாம் உள்ளயே மூத்திரம் போயிடுது டாக்டர், வயசாயிடுச்சு இல்ல" என்றார். நானும் "ஆமாம்மா, 11 வயசு ஆச்சே" என்றேன். ரத்தப் பரிசோதனை எழுதவில்லை. வயதான நாய்க்கு வலி மாத்திரை எழுதும்போது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் எழுதினேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் நாள்

வலது பக்கம் அழகாக ஆறியிருந்தது. தேய்ப்பது நின்றுவிட்டது, வாடை இல்லை. வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம். இடதை வெளியிலிருந்து மட்டும் அழுத்திப் பார்த்தேன். 'இன்னொரு தடவை ஏன் அதைத் துன்புறுத்துவது' என்ற இரக்கம்தான் காரணம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வெளியிலிருந்து பிதுக்குவது என்பது பலரும் செய்வது. குளிப்பாட்டும் இடங்களில் நகம் வெட்டுவதோடு சேர்த்துச் செய்துவிடுகிறார்கள், வீட்டிலும் சிலர் பழகிக்கொள்கிறார்கள். தொல்லையே இல்லாத நாய்க்கு அதைச் செய்ய வேண்டியதே இல்லை. மாதாமாதம் அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்த அமுக்கலே அழற்சியைக் கொண்டுவரும். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து அமுக்கும்போது திரவம் வருகிறதா என்றுதான் தெரியும், பையின் சுவர் எப்படி இருக்கிறது என்று தெரியாது. அதற்குக் கையுறை மாட்டி, வழுக்குப் பசை தடவி, ஆள்காட்டி விரலை மலக்குடலுக்குள் விட்டு, கட்டைவிரலை வெளியே வைத்து, பையை இரண்டுக்கும் நடுவில் பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும். நிறைந்திருக்கும்போது ஒரு முறை, காலியான பிறகு ஒரு முறை. நிறைந்த பை எதையும் மறைத்துவிடும். காலியான பை மெல்லிய துணிபோல விரலில் மடங்க வேண்டும். மடங்காமல் ஏதாவது நின்றால் அது என்ன என்று தெரியும் வரை விடக்கூடாது.

வருகிற திரவத்தின் நிறத்தை வைத்து ஜோசியம் சொல்வதையும் நான் விட்டுவிட்டேன். ஆரோக்கியமான நாயிலேயே அது மஞ்சளாகவும் வரும், பழுப்பாகவும் வரும், தண்ணியாகவும் வரும், பசையாகவும் வரும். நுண்ணோக்கியில் வைத்தால் கிருமிகளும் வெள்ளணுக்களும் அங்கேயும் தெரியும். ரத்தமோ சீழோ வெளிப்படையாக இருந்தால் அது வேறு. மற்றபடி நிறம் பெரிதாக எதுவும் சொல்லாது.

ஏழாவது வாரம்

இந்த முறை தேய்ப்பு இல்லை, நக்கல் இல்லை, நாற்றம் இல்லை. மலம் கழிக்க முக்குகிறது, வருவது நாடாபோலத் தட்டையாக வருகிறது. சாப்பாட்டில் அக்கறை போய்விட்டது. இரண்டு தடவை வாந்தி. அப்புறம் தண்ணீர். கிண்ணத்தை நிரப்பி நிரப்பி முடியவில்லை என்றார் அந்த அம்மா. "எவ்வளவு?" என்று கேட்டேன். அவர் உஷார், அளந்தே வைத்திருந்தார்: நாளுக்கு 1.9 லிட்டர்.

நாய் ஒரு நாளைக்குக் குடிப்பது சாதாரணமாகக் கிலோவுக்கு 50-60 மில்லிக்குள் இருக்கும். 100 மில்லியைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். கிழவி கிலோவுக்கு 135 மில்லி குடித்துக்கொண்டிருந்தது. ராத்திரி மூத்திரம் வயதால் வந்தது இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விரல் விட்டுப் பார்த்தேன். இடது பையில் கெட்டியான உருண்டை, கிட்டத்தட்ட 2 செ.மீ. அழுத்தினால் நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலை இன்னும் உள்ளே நீட்டி மலக்குடலின் மேற்கூரையைத் தடவினால், அங்கே இன்னொரு மேடு. அந்த மேடுதான் மலத்தைத் தட்டையாக்கிக்கொண்டிருந்தது.

வலி இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை. சீழ்க்கட்டி கத்தும், ஊரைக் கூட்டும். ஆசனவாய்ப் பையில் வரும் புற்று பெரும்பாலும் சத்தமே போடாது. பல நாய்களில் வேறு எதற்காகவோ செய்த பரிசோதனையில் தற்செயலாகத்தான் அது விரலில் தட்டுப்படுகிறது. வயதான நாயிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. முதுகும் இடுப்பும் விறைத்துப்போன நாய்க்கு வாலடியை நக்க உடம்பு வளையாது, தேய்க்க உட்கார்ந்தால் எழுவது கஷ்டம். அதனால் வெறும் அடைப்பாக இருந்தாலும் வெளியே தெரிய வேண்டிய அறிகுறிகள் தெரியாமல் போகும். தேய்க்கவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்ற கணக்கு கிழ நாயிடம் பலிக்காது.

அன்றே எடுத்த ரத்தத்தில் மொத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 14.1 மி.கி. இருக்க வேண்டியது ஏறக்குறைய 9 முதல் 11.5. மொத்தக் கால்சியம் ரத்தப் புரதத்தைப் பொறுத்து ஏமாற்றக்கூடியது என்பதால் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் அயனிக் கால்சியமும் பார்த்தோம்: லிட்டருக்கு 1.78 மில்லிமோல். 1.4-ஐத் தாண்டினாலே அதிகம். பாஸ்பரஸ் கீழ்வரம்பை ஒட்டி நின்றது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.7, கொஞ்சம் கூடுதல். சிறுநீரின் அடர்த்தி 1.007, கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்.

இந்த எண்கள் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. ஆசனவாய்ப் பையின் புற்றுநோய்க் கட்டிகளில் ஒரு பகுதி, பாராதைராய்டு ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், சிறுநீரகத்தில் பாஸ்பரஸை வெளியே தள்ளும். ஏறின கால்சியம் சிறுநீரகத்தைத் தண்ணீரைப் பிடித்துவைக்க விடாது. நாய் மூத்திரமாகக் கொட்டும், அதை ஈடுகட்டக் குடிக்கும். குடல் மந்தமாகும், தசை தளரும், பசி போகும். அப்படியே விட்டால் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெடும். அந்தச் சிறுநீரகத்தோடுதான் நான் 5 நாள் மெலாக்சிகாம் கொடுத்திருந்தேன்.

நாய்க்குக் கால்சியம் ஏறியிருந்தால் முதலில் நினைக்க வேண்டியது லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று. அடுத்த வரிசையில் இந்தக் கட்டி. பாராதைராய்டு கட்டி, அட்ரினல் சுரப்பி குன்றும் அடிசன் நோய், எலி மருந்தாகவோ மாத்திரையாகவோ உள்ளே போன வைட்டமின் டி, சிறுநீரகச் செயலிழப்பு என்று பட்டியல் நீளும். ஆனால் விரலில் ஒரு உருண்டை கிடைத்த பிறகு பட்டியலில் அலைய வேண்டியதில்லை. அந்தப் பகுதியில் வரும் மற்ற கட்டிகளில் அதிகம் காண்பது ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் வரும் அடினோமா என்ற புற்றல்லாத கட்டி. அது பெரும்பாலும் கருத்தடை ஆகாத ஆண் நாய்க்கு வருவது, பையில் வராது, தோலிலேயே கண்ணுக்குத் தெரியும். மலவாய் ஓரக் குடலிறக்கமும் முக்கலைத் தரும், ஆனால் அதுவும் பெரும்பாலும் ஆண் நாய்களின் சமாச்சாரம்தான்.

ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்கள் கூட்டம் கூட்டமாக, ஓரம் தெரியாமல், ஒரே குழம்பில் மிதக்கும் உருண்டைக் கருக்களாக இருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே சாயல், பார்க்க ரொம்பச் சாது. இந்தக் கட்டியின் பொல்லாத்தனம் அதன் செல்லின் முகத்தில் தெரியாது. தெரிந்தவர் பார்த்தால் அந்தச் சாதுத்தனத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார்.

மார்பு எக்ஸ்ரே சுத்தம். வயிற்று ஸ்கேனில் கல்லீரல், மண்ணீரல் சுத்தம். இடுப்புக்குள் இடது நிணநீர் முடிச்சு மட்டும் 2.6 செ.மீ.க்கு வீங்கியிருந்தது. விரலில் பட்ட மேடு அதுதான்.

கத்திக்கு முன்பும் பின்பும்

இவ்வளவு கால்சியத்தோடு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. இரண்டு நாள் சலைன் டிரிப்ஸ், உடம்பில் நீர் நிறைந்த பிறகு சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைட். நீர் வற்றின நாய்க்கு முதலிலேயே ஃபுரோசமைட் கொடுத்தால் நிலைமை மோசமாகும், வரிசை முக்கியம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் கால்சியம் சட்டென்று இறங்கும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். செல் பரிசோதனை முடிவு கையில் வரும் வரை அதைத் தொடவில்லை. ஒருவேளை லிம்போமாவாக இருந்தால், ஸ்டீராய்டு அதைக் கரைத்துக் கண்ணில் படாமல் செய்துவிடும். மூன்றாம் நாள் கால்சியம் 12.8, கிரியேட்டினின் 1.3. போதும் என்று முடிவெடுத்தோம்.

முதலில் வயிற்றைத் திறந்து முடிச்சை எடுத்தார் என்னைவிட அனுபவமுள்ள அறுவை மருத்துவர். நான் உதவிக்கு நின்றேன். பெருந்தமனி பிரியும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் முடிச்சு அது, அவசரப்பட்டால் ரத்தம் பீய்ச்சும். அப்புறம் நாயைக் கவிழ்த்து, இடது பையைத் திறக்காமலே கட்டியோடு சேர்த்து எடுத்தோம். சுருக்குத்தசையின் இழைகளை ஒதுக்கித் தள்ளினோமே தவிர முடிந்தவரை வெட்டவில்லை. பையின் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் பின்னால் புரையோடும். தசையையோ அதற்குப் போகும் நரம்பையோ அதிகம் சேதப்படுத்தினால் நாய்க்கு மலத்தை அடக்க முடியாமல் போகும். அந்த இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் கத்தி போகிறது. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் நிரந்தரக் கசிவு அபூர்வம், மறுபக்கத்து நரம்பு சமாளித்துக்கொள்ளும்.

வலது பையையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று முந்தின நாள் நீண்ட பேச்சு. அது சீழ் பிடித்து ஆறியது, இரண்டு பக்கமும் புற்று வருவதும் உண்டு. ஆனால் விரலில் அது மெல்லியதாக, சுத்தமாக இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் கைவைத்து கிழ நாயை மலம் கசியும் நாயாக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அறுவை மருத்துவர் எடுக்கத்தான் நினைத்தார். வீட்டார் என் பக்கம் சாய்ந்தார்கள். இன்னொரு நாளில் இன்னொரு நாய்க்கு நானே மாற்றிச் சொல்லக்கூடும்.

மறுநாள் காலை கால்சியம் 10.4. கிண்ணத்தில் தண்ணீர் மிச்சம் இருந்தது. 12 நாளுக்குத் தூங்கும்போது கொஞ்சம் மலம் கசிந்தது, பிறகு நின்றது. மலம் ரொம்பக் கெட்டியாகவும் வேண்டாம், இளகியும் வேண்டாம் என்று தினம் கொஞ்சம் இசப்கோல் உமியைத் தண்ணீர் சேர்த்து உணவில் கலந்தார்கள். வலது பைக்கும் அது நல்லதாகவே போயிற்று.

திசுப் பரிசோதனை எதிர்பார்த்ததையே சொன்னது: பைச்சுவரில் உள்ள அபோக்ரைன் சுரப்பியின் கார்சினோமா, அதாவது புற்று, வெட்டிய விளிம்பு குறுகலாக ஆனால் சுத்தமாக, முடிச்சில் பரவல்.

முடிவைச் சொன்ன அன்று அந்த அம்மா கேட்டார்: "இத முன்னாடியே பாத்திருக்க முடியுமா டாக்டர்?"

முடியும் என்றேன். முதல் நாள் அட்டையை எடுத்து அந்தக் கேள்விக்குறியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த ராத்திரி மூத்திரமும்?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கோபப்பட்டிருக்கலாம், படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

7 வாரம் முன்னால் கண்டிருந்தால் பரவல் இருந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. இந்தக் கட்டி பட்டாணி அளவில் இருக்கும்போதே முடிச்சில் அதைவிடப் பெரிய பரவலை வைத்திருப்பது வழக்கம்தான். கண்டுபிடிக்கும்போதே பாதிக்குப் பாதி நாய்களில் முடிச்சுவரை போயிருக்கிறது. ஆனால் சிறுநீரகத்துக்கு 7 வாரம் மிச்சமாகியிருக்கும். மெலாக்சிகாம் உள்ளே போயிருக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு

கீமோதெரபி பற்றிப் பேசினோம். கார்போபிளாட்டின் போன்றவை பயன்படுத்தப்படுகின்றன, அறுவைக்குப் பிறகு அவை ஆயுளை எவ்வளவு கூட்டுகின்றன என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. முடிச்சில் பரவிய நாய்களும் அறுவைக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக இருப்பது உண்டு. வீட்டார் வேண்டாம் என்றார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை விரல் பரிசோதனை, கால்சியம், ஸ்கேன் என்று வைத்துக்கொண்டோம். கால்சியத்தை ஏற்றிய கட்டி திரும்பி வந்தால் பெரும்பாலும் கால்சியமும் திரும்ப ஏறும். அந்த வகையில் இது காவல்காரனை உள்ளேயே வைத்திருக்கும் நோய்.

அறுவை முடிந்து 10ஆம் மாதம் கால்சியம் 11.9. ஸ்கேனில் இடுப்புக்குள் வேறொரு முடிச்சு 1.5 செ.மீ. மறுபடி வயிற்றைத் திறக்க யாருக்கும் மனமில்லை. வாரம் மூன்று நாள் டோசெரானிப் என்ற புற்றுநோய் மாத்திரை தொடங்கினோம். முதல் மாதம் வயிற்றுப்போக்கு வந்து மருந்தளவைக் குறைக்க வேண்டியிருந்தது. வயிற்றுப்போக்கு வந்ததும் வலது பை நிறைந்துகொண்டது, மலம் இளகினால் அப்படித்தானே. முடிச்சு கரையவில்லை, வளரவும் இல்லை. கால்சியம் 11-ஐச் சுற்றி நிற்கிறது.

கடைசியாகப் பார்த்தது அறுவை முடிந்து 14ஆம் மாதம். கிழவிக்கு 12 வயது தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் புரை, படியேறத் தூக்கிவிட வேண்டும், நாளுக்கு 750 மில்லி குடிக்கிறது. அந்த அம்மா இன்னும் அளக்கிறார். வலது பையை நிறைந்தபடி ஒரு முறை, காலி செய்து ஒரு முறை தடவினேன். விரலில் மடங்கியது. அட்டையில் 'வலது: காலி, சுவர் மெல்லியது' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.